எண்ணிக்கையில் வராத கருடன்

1

போன வாரம், வேலையில் இருக்கும்போது மகளின் மழலையர் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஜெர்மனியில் பகல் வேளையில் அங்கிருந்து கூப்பிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல், இல்லையென்றால் எங்காவது விழுந்து உதடு கிழிந்திருக்கிறது என்று பொருள். வேறு எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அறுவடை முடிந்த கோதுமை வயலில், ஒரு காற்றாலைக்குக் கீழே நின்றிருந்தேன். பதறிப்போய் எடுத்தேன்.

"யாழினிக்கு ஒன்றும் இல்லை" என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். "தோட்டத்தில் ஒரு கருங்குருவி செத்துக் கிடக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் மோதியிருக்கும். பிள்ளைகள் பூ வைத்துப் புதைக்க ஆசைப்படுகிறார்கள். உங்கள் மகள் விடமாட்டேன் என்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் வர வேண்டுமாம்."

"நானா?"

"நீங்கள்தான். அம்மாவின் தொழில் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது!" என்று சிரித்தார்.

நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரியில்லை. அது என்னிடமிருந்து வந்ததில்லை. ஐந்து வயதுப் பிள்ளை. தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஜெர்மனில்தான் முடிப்பாள். இட்லியைத் தேன் தொட்டுத் தின்பாள். தாத்தா இருக்கிற போடிப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் 'போனில்' என்பாள். அப்படிப்பட்டவள் செத்த குருவிக்குப் பக்கத்தில் போய் உட்கார எங்கிருந்து கற்றாள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கோடையோடு நான் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. ஊருக்கு எழுத வேண்டுமென்றால் இதைத்தான் எழுத வேண்டும் என்று அந்த வயலில் நின்றபடியே முடிவுசெய்தேன்.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றாலைகளுக்குக் கீழே செத்துக் கிடக்கும் பறவைகளைத் தேடுவது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். குடியேற்ற அலுவலகத்தில் என் விசாவைப் புதுப்பிக்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளும் சிரித்தார். என் பணி ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, "செத்த பறவைகளைத் தேடுவதற்கு இந்தியாவிலிருந்தா ஆள் வரவழைக்கிறார்கள்?" என்று கேட்டார். "வரவழைக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கி, எழுதித் தேறி வந்த வேலை" என்றேன். எங்கள் ஊர் சிலமலையில் பள்ளிக்கூடம், போடியில் மேல்நிலை, மதுரையில் விலங்கியல், பிறகு இங்கே. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் ஒருவரும் கிடையாது. அப்பா இன்றைக்கும் கைநாட்டுத்தான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுத வேண்டும் என்று யாராவது நினைத்தால் மன்னிக்கட்டும்.

என்னோடு அன்யா என்ற பெண்ணும், மோப்பம் பிடிக்கப் பழக்கிய அவளுடைய நாயும் வருவார்கள். காலையில் காற்றாலையின் அடியில் ஆரம்பித்து, சுற்றிலும் கோடு போட்டதுபோல் வரிசை வரிசையாக நடப்போம். நாய் உட்கார்ந்தால் அங்கே ஒரு பறவை கிடக்கிறது என்று அர்த்தம். அது இருக்கும் இடம், இனம், வயது, காயம் எல்லாவற்றையும் எழுதுவோம். படம் எடுப்போம்.

கிடப்பவற்றில் என்னை உறுத்துவது பருந்து, கழுகு வகைகள்தான். தூரத்திலிருந்து பார்க்கும்போது காற்றாலையின் சக்கரம் சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும். கிட்டே நின்று பார்த்தால்தான் இறக்கையின் நுனி என்ன வேகத்தில் வருகிறது என்று புரியும். பருந்து பறக்கும்போது தலையைக் குனிந்து தரையைப் பார்க்கிறது. எலியைத் தேடுகிற கண்ணுக்கு எதிரே வருவது படுவதில்லை. மற்றப் பறவைகளைப்போல் இவை கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிப்பதும் இல்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. பெரிதாகி ஜோடி சேர்வதற்கே சில வருடங்கள் பிடிக்கும். அதனால் வளர்ந்த பருந்து ஒன்று விழுந்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று சீக்கிரம் வராது. சத்தமில்லாமல் ஒரு வட்டாரமே காலியாகிவிடும்.

இங்கே நம் ஊர்க் கருடனைப்போல் செந்நிறப் பருந்து ஒன்று உண்டு. வால் மட்டும் மீன்வாலைப்போல் பிளந்திருக்கும். புல்வெளியில் வெட்டும் இயந்திரம் ஓடினால் போதும், ஓடுகிற எலிகளைப் பிடிக்க எங்கிருந்தோ வந்துவிடும். எனவே பல இடங்களில், புல் வெட்டுகிற நாளிலும் உழுகிற நாளிலும் பக்கத்துக் காற்றாலையை நிறுத்த வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போட்டுவிடுகிறார்கள். நிறுத்துகிறார்கள். நாடு ஒன்றும் இருட்டாகிவிடவில்லை.

அந்தப் பருந்தை முதன்முதலாக இங்கே பார்த்த அன்று, என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்யா திரும்பிப் பார்த்து, "கொசுவா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கருட தரிசனத்தை விளக்க எனக்கு ஜெர்மன் போதவில்லை.

3

ஊர்ச் சேதிக்கு வருகிறேன்.

சிலமலையிலிருந்து தேவாரம் போகிற பக்கம், மலையடிவாரத்து நிலங்களில் காற்றாலைகள் நிற்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் புஞ்சைக் காட்டுக்கு அடுத்த காட்டில் ஒன்று நிற்கிறது. ஊரில் அதற்குக் காத்தாடி என்று பேர். ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக இறங்குகிற காற்றுக்கு அது சுற்றுகிற சுற்று தனி. அதே ஆனி, ஆடியில்தான் எங்களுக்கு உழவும். டிராக்டர் மண்ணைப் புரட்டியதும் கொக்கு, மைனா, கருடன் எல்லாம் பின்னாலேயே வரும். எங்கள் வரப்பில் நிற்கும் உயரமான இலவ மரத்தில் ஒரு கருட ஜோடி வருடா வருடம் கூடு கட்டும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. அந்த மரத்தில் பஞ்சுக்காய் பறிக்க ஆள் ஏறினால்கூட, கூடு இருக்கும் கிளைக்கு அப்பா போகவிடமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆனியில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். மழை, மோட்டார், சோளவிதை என்று போன பேச்சு.

"உழவு முடிஞ்சிருச்சு தாயி. நம்ம எலவ மரத்துக் கருடன்தான் போயிருச்சு."

"எங்கப்பா போயிருச்சு?"

"செத்துப்போச்சு. டிராக்டருக்குப் பின்னாடியே வந்துக்கிட்டிருந்துச்சு. மேல எந்திரிச்சுச்சு. பட்டுன்னு ஒரு சத்தம். காத்தாடி அடிச்சிருச்சு. அம்புட்டுதான்."

"இப்ப எங்கப்பா இருக்கு?"

"எங்க இருக்கும்? அடக்கம் பண்ணியாச்சு. வீரணன் வெரசா ஓடிப்போயி மஞ்சத்துணி கொண்டாந்தான். பாலு ஊத்தி, சூடம் பொருத்தி, அய்யனார் கோயிலுக்குப் பின்னாடி வச்சாச்சு. ஒங்கம்மா அன்னைக்கு அடுப்பே பத்தவைக்கல."

வீரணன் பக்கத்துக் காட்டுக்காரர். எனக்குச் சித்தப்பா முறை. அவருடைய நிலத்தில்தான் அந்தக் காத்தாடி நிற்கிறது.

"போட்டோ எடுத்தீகளாப்பா?"

"சாமிய அந்தக் கோலத்துல போட்டோ எடுக்கச் சொல்றியா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?"

"கோவிக்காதீகப்பா. இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கா?"

"காத்தாடி வந்ததுலருந்து ரெண்டு மூணு இருக்கும். ஒண்ணையும் நாயி, நரி தொட விட்டதில்ல. எல்லாத்தையும் முறையா அங்கனதான் வச்சிருக்கோம்."

அவர் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் வேலையில் ஒரு சோதனை உண்டு. செத்த பறவைகளை நாங்களே வயலில் போட்டுவைத்து, எத்தனை நாளில் நரியும் காக்கையும் தூக்கிப்போகின்றன என்று பார்ப்போம். கண்ணில் படாமல் போனவற்றையும் மதிப்பிட்டுக் கணக்கில் சேர்ப்பதற்காக. நரி தூக்கிப்போனதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கும்பிட்டுத் தூக்கிப்போனதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் வழி இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பக்தியோடு எடுத்து வைத்த கருடன் எதுவும் சாகவே இல்லை. ஏட்டில் அப்படித்தான்.

4

அடுத்து வந்த தை மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். மலையடிவாரத்தில், மேற்கே தள்ளி, புதிதாகச் சில காற்றாலைகள் போடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. மலைக்காற்று இறங்கும் வழி அது. பருந்துகளும் கழுகுகளும் உயரம் ஏறுவதற்குத் தேடுவதும் அதே காற்றைத்தான். ஆளும் பறவையும் ஒரே இடத்தைக் கேட்கிறார்கள். பறவைக்கு மனு எழுதத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போடியில் இருந்த காற்றாலை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கீழே ஏலக்காய்க் கடை, மேலே இவர்கள். படியேறும்போதே மூட்டைகளின் வாசனை கூட ஏறி வந்தது. அங்கே இருந்த அதிகாரி என் வயதுக்காரர். மரியாதையான ஆள். டீ வரவழைத்தார்.

காற்றாலை வேண்டாம் என்று சொல்ல நான் போகவில்லை. நான் சாப்பிடுகிற சோறே காற்றாலையால் வருகிறது. இரண்டே விஷயம் கேட்டேன். உழவு நடக்கிற காலை நேரங்களில் அந்தந்தக் காட்டுக்குப் பக்கத்துச் சக்கரத்தை மட்டும் நிறுத்த வேண்டும். புதிய இடத்தில் அடித்தளம் தோண்டுவதற்கு முன் முழுதாக ஒரு வருடம் பறவைகளைக் கவனிக்க வேண்டும்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், காத்து சீசன்ல நிறுத்தச் சொல்றீங்க. மேல கேள்வி வரும். எங்க டவர்ல ஒரு பறவைகூட அடிபட்டதா இதுவரைக்கும் பதிவே இல்லையே" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஏன் இல்ல சார்? ரெண்டு மூணு கருடன் செத்திருக்கு. நாங்கதான அடக்கம் பண்ணோம்!"

"எங்கய்யா?"

"கோயிலுக்குப் பின்னாடி சார். மஞ்சத்துணி போட்டு, மொறையா."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, அது பாதுகாக்கப்பட்ட பறவை. வனத்துறைக்குச் சொல்லாம தொடவே கூடாது. வெளியில இப்படிச் சொல்லிக்கிட்டிருக்காதீங்க" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் செத்துவிட்டது. டீ குடித்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

புறப்படும்போது அதிகாரி ஒன்று சொன்னார்: "முறைப்படி ஒரே ஒரு பதிவு இருந்தாக்கூட, நான் மேல எழுதுறதுக்கு ஒரு பிடி கிடைக்கும் மேடம்."

அந்த ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்சில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஊருக்குப் பாதி தூரம் வந்ததும் வெடித்தார். "அப்ப கும்புட்டது குத்தமாப் போச்சா?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் தக்காளிக் கூடையோடு இருந்த ஒரு அம்மா, "யாருண்ணே, வெளிநாட்டுல இருக்க மகளா? அங்க என்ன சோலி பாக்குது?" என்று கேட்டது.

"செத்த பறவைய எண்ணுற சோலி" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

"அடி ஆத்தீ! அதுக்கா ஏரோபிளேன் ஏறிப் போச்சு?"

பஸ் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பாவின் காதருகே சொன்னேன்: "கும்புடுங்க, வேணாங்கல. கும்புடுறதுக்கு முன்னாடி ஒரு ஆளு வந்து பாத்து எழுதணும். அம்புட்டுதான் கேக்குறேன். எழுதலேன்னா அது சாகவே இல்லன்னு ஆயிருதுப்பா. அப்ப அடுத்ததும் சாகும்."

"வெயில்ல போட்டு வைக்கச் சொல்ற. காக்கா கண்ணக் கொத்தும். அந்தப் பாவத்த ஒனக்காக நான் செய்ய மாட்டேன். நீ எங்கிட்டுப் படிச்சிருந்தாலும் சரி."

ஊரிலிருந்த மிச்ச நாளெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து மாட்டுப் பக்கம் போய்விடுவார். நான் விடவில்லை. வனக்காப்பாளரை நேரில் போய்ப் பார்த்து, நிலைமையைச் சொல்லி, நம்பரை வாங்கி வந்தேன். அப்பாவுக்குப் பேர் படிக்கத் தெரியாது என்பதால் அந்த நம்பருக்கு ஒரு கருடன் படம் வைத்தேன். "இந்தக் கருடனை அமுக்குனா அவுகளுக்குப் போகும்" என்று காட்டினேன். அமுக்குவேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் படத்தை அழிக்கச் சொல்லவும் இல்லை. போனை வாங்கி, படத்தைப் பார்த்து, ஒரு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார்.

5

போன வருடம் ஆடி. இங்கே காலை உணவு நேரம். யாழினி என் மடியில் இருந்தாள். அப்பாவிடமிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தால் திரை முழுக்க அவருடைய காது.

"அப்பா, காதுல வைக்காதீக. மூஞ்சிக்கு நேரா பிடிங்க."

காது விலகி முகம் வந்தது. வியர்த்திருந்தது. "குஞ்சு தாயி" என்றார். "வேற எந்த மரத்துதோ, இந்த வருசத்துக் குஞ்சு. இப்பத்தான் பறக்கப் பழகுச்சு."

போனைத் திருப்பினார். புரட்டிய செம்மண்ணில், இன்னும் தலை வெளுக்காத பழுப்பு நிறக் கருடன் ஒரு பக்கமாகக் கிடந்தது. ஒரு இறக்கை விரிந்து காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் டிராக்டர் நின்றிருந்தது.

"அமுக்கிட்டேன்" என்றார் அப்பா.

"எதப்பா?"

"ஓங் கருடனத்தான். வனத்துறைக்காரவுக பேசுனாக. தேவாரத்துப் பக்கம் ஆனை எறங்கிருச்சாம். அத வெரட்டிட்டு வரணுமாம். நேரமாகும்னாக."

அவர் அந்தக் குஞ்சுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈயை விசிறிக்கொண்டிருந்தார். நான் பேசுவதற்குள் வீரணன் சித்தப்பாவின் குரல் கேட்டது. மஞ்சள் துணியும் பால் சொம்புமாக வந்துவிட்டார்.

"என்னண்ணே, இன்னும் எடுக்கலயா?"

"எடுக்கக் கூடாதுடா."

"யாரு சொன்னா? ஒம்ம மகளா? அவ அங்கிட்டுக் குளுகுளுன்னு ஒக்காந்துக்கிட்டுச் சட்டம் பேசுவா. இங்க சாமி வெயில்ல கெடக்கு. ஊருக்கு ஆகுமாண்ணே? தள்ளும்!"

இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. நான் "சித்தப்பா, ஒரு நிமிசம்" என்று கத்தினேன். அப்பா போனை மண்ணில் மல்லாக்க வைத்துவிட்டார். திரையில் வானம். ஓரத்தில் அந்தச் சக்கரம், வந்து வந்து போயிற்று. ஆட்களைப் பார்க்க முடியவில்லை. அப்பா எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஊரோடு சண்டை போடுகிற ஆள் இல்லை அவர்.

"வீரணா" என்றார் அப்பா. சத்தம் போடாத குரல். "ஒங்கப்பன் செத்தப்ப ஒன் அக்கா எங்க இருந்துச்சு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுடா."

"சூரத்துல."

"அது வர்ற வரைக்கும் எடுத்தமா?"

அப்பாவே மேலே பேசினார்.

"ஐசுப் பொட்டியில வச்சு, ரயிலு வர்ற வரைக்கும் ஊரே காத்துக் கெடந்துச்சுல்ல? சொந்தக்காரன் ஒருத்தன் வெரசா எடுங்கன்னதுக்கு நீ என்ன சொன்ன? பாக்க வேண்டிய ஆளு பாக்காம எடுத்தா அது அடக்கமாடான்னு அடிக்கப் போனேல்ல? இதுக்கும் ஒரு ஆளு பாக்க வேண்டியிருக்குடா. இம்புட்டு நாளும் பாக்காமலே எடுத்துட்டோம். இன்னைக்கு வரட்டும். பாக்கட்டும், எழுதட்டும். அப்பறம் நீ கொண்டாந்த துணியிலதான் எடுப்போம்."

சொம்பைத் தரையில் வைக்கிற ஓசை கேட்டது.

"அப்ப வெயில்ல கெடக்கணுமாக்கும்" என்று முனகினார் சித்தப்பா. "இருங்க, கொடையக் கொண்டாறேன்."

யாரோ போனை எடுத்து ஒரு கல்லின் மேல் சாய்த்துவைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருடனுக்கு மேல் கறுப்புக் குடை. அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். டிராக்டர் ஓட்டி வந்தவர் வண்டிச் சக்கரத்து நிழலில். வழியில் போனவர்கள் வந்து நின்றார்கள், பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். சாவு வீட்டில் கேட்பதுபோலவே, வருகிறவர்கள் எல்லாம் தணிந்த குரலில் கேட்டார்கள்: "இன்னும் யாரு வரணும்?"

தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளே ஒரு பயம் உண்டு. ஒருநாள் அந்தப் போன் வரும், நான் போய்ச் சேரும்வரை வைத்திருப்பார்களா என்று. வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி தீர்ந்துபோயிற்று.

மடியிலிருந்த யாழினி பாலையும் ரொட்டியையும் மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, முழுதாகத் தமிழிலேயே, "தாத்தா, யாரு வரணும்?" என்று கேட்டாள்.

அப்பா குனிந்து போனைப் பார்த்தார். "எழுதுற ஆளு வரணும் தாயி" என்றார்.

வனத்துறை ஜீப்பு வருவதற்குள் நான் வேலைக்குத் தாமதம் என்று அன்யாவுக்குச் சொல்லியிருந்தேன். வனக்காப்பாளர் கால்நடை மருத்துவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தகராறு என்று நினைத்துவிட்டார் போலும், தயங்கித்தான் இறங்கினார். எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், எலும்பு முறிந்த இடத்தைப் பார்த்தார்கள், காற்றாலை அடித்துச் செத்தது என்று எழுதினார்கள். சாட்சியாக அப்பா கைநாட்டு வைத்தார். அடுத்து வீரணன் சித்தப்பா கையெழுத்துப் போட்டார், தன் நிலத்துக் காத்தாடிக்கு எதிராக. அதன் பிறகு, அவர்கள் முன்னிலையிலேயே, மஞ்சள் துணியில் எடுத்தார்கள்.

6

எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத முடியாது. போடி அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை, எழுதினார். இந்த வருடம் உழவு நாளில் காலை முழுக்க ஒரு சக்கரம் நின்றது. ஒன்றே ஒன்று, எங்கள் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. அப்பா வீடியோவில் காட்டினார். "நின்னுருச்சு பாரு தாயி" என்றவர், நிற்கிற காத்தாடியை நம்பாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இலவ மரத்தில் மிஞ்சியிருந்த கருடன் இன்னும் ஜோடி சேரவில்லை. தள்ளி நிற்கும் மற்றக் காற்றாலைகள் உழவு நேரத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மேற்கே புதிய இடத்துக்குப் பறவைக் கணக்கெடுப்பு வேண்டும் என்று நான் கொடுத்த மனுவுக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். குடியேற்ற அலுவலகத்தில் எட்டு வருடமாக வரிசையில் நின்றவள் நான். அவர்களைவிட எனக்குப் பொறுமை அதிகம். வரும் ஆனிக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டிருக்கிறேன். கொடுத்தாலும் வருவேன், கொடுக்காவிட்டாலும் வருவேன்.

தேவாரம் பக்கத்துக் காடுகளில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கருடனோ கழுகோ விழுந்து கிடந்தால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள். குடை பிடியுங்கள், தப்பில்லை. கும்பிடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரத்து விஷயத்தை முடிக்கவில்லை. வயலில் நாயையும் அன்யாவையும் விட்டுவிட்டு, பள்ளிக்கு வண்டியை ஓட்டினேன். தோட்டத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் யாழினி. பள்ளிக்கூடத்தில் யாரும் உட்காராத மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஈயை விசிறிக்கொண்டிருந்தாள். குருவிக்கு மேல் யாருடைய மழைக்குடையோ விரித்துவைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் நிறத்தில், வாத்துப் படம் போட்டது.

ஆசிரியை என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் சேற்றுக் காலணியோடு புல்லைத் தாண்டிப் போனேன். யாழினி நிமிர்ந்து பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை. சுற்றி நின்ற ஜெர்மன் பிள்ளைகளிடம், அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியாது என்ற கவலையே இல்லாமல், தமிழில் அறிவித்தாள்:

"தள்ளுங்க. எழுதுற ஆளு வந்தாச்சு."

நான் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.